ஆறு சுமக்கும் மண்ணையும் கணக்கில் எடுத்த ஆர்தர் காட்டன்: கல்லணையில் அவர் கற்ற பாடம் இன்றைக்கு ஏன் தேவை?

ஒவ்வொரு பருவமழையிலும் டிவி ஸ்க்ரோலில் ஒரு எண் ஓடும். மேட்டூருக்கு விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி நீர்வரத்து. ஆனால் அந்தத் தண்ணீரோடு எத்தனை டன் மண் வருகிறது என்ற எண் எந்த ஸ்க்ரோலிலும் வராது. ஒரு அணை எத்தனை வருஷம் தாங்கும், டெல்டா வளருமா தேயுமா, கடற்கரை கிராமம் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுமா என்பதையெல்லாம் முடிவு செய்வதில் இந்த இரண்டாவது எண்ணுக்கும் பெரிய பங்கு உண்டு.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, கையில் அப்படி எந்த டேட்டாவும் இல்லாமலே இந்த இரண்டாவது சுமையைப் பற்றி யோசித்தவர் ஆர்தர் காட்டன். காவிரி டெல்டாவிலும் கோதாவரி டெல்டாவிலும் இன்றும் அறியப்படும் பெயர். அணை கட்டிய வெள்ளைக்காரர் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடும். அவர் வாழ்க்கையை ஆற்று மணலின் பக்கத்திலிருந்து பார்த்தால், இன்றைய அணை விவாதங்களில் விடுபட்டுப்போகும் ஒரு கேள்வி புரியும்.

யார் இந்த காட்டன்?

1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்த அடிஸ்காம்ப் கல்லூரியில் படித்தார். 16 வயதில் மெட்ராஸ் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1821ல் மெட்ராஸ் வந்து இறங்கினார். ஏரிகளைப் பராமரிக்கும் துறையில் வேலை, பாம்பன் கால்வாயில் சர்வே, நடுவே முதலாம் பர்மா போர் என்று ஆரம்ப ஆண்டுகள் போயின.

அவர் வாழ்க்கையைத் திருப்பிய வேலை 1820களின் இறுதியில் வந்தது. காவிரிப் பாசனத்தில் என்ன கோளாறு என்று பார்க்கச் சொல்லி கம்பெனி அரசு அவரைத் தஞ்சை பக்கம் அனுப்பியது. விவசாயிகள் மீதான அக்கறை மட்டும் இதற்குக் காரணமில்லை. தஞ்சாவூர் கம்பெனிக்கு அதிக நிலவரி தந்த பகுதிகளில் ஒன்று. தண்ணீர் குறைந்தால் வரியும் குறையும்.

அன்று காவிரியில் என்ன பிரச்னை?

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் கடலுக்குக் குறுக்கு வழியில், கொஞ்சம் செங்குத்தாக இறங்குகிறது. காவிரி தாழ்வான சரிவில், நிறைய கிளைகளாகப் பிரிந்து மெதுவாகப் போகிறது. தஞ்சையின் வயல்களுக்குத் தண்ணீர் தருவது இந்த மெதுவான காவிரிதான்.

வேகமாக ஓடும் தண்ணீர் மணலைத் தூக்கிக்கொண்டு போகும். வேகம் குறைந்தால் கீழே போட்டுவிடும். காவிரிக் கிளையில் மணல் படியப் படிய அதன் படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்ததால் அந்தப் பக்கம் வரும் தண்ணீர் குறைந்தது. தண்ணீர் குறைந்ததால் வேகம் இன்னும் குறைந்து, மணல் இன்னும் அதிகமாகப் படிந்தது. அதே நேரம் கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போனது. இப்படியே விட்டால் ஒரு கட்டத்தில் மொத்த ஆறும் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய், தஞ்சை டெல்டா காய்ந்துவிடும் நிலை.

ஸ்ரீரங்கம் தீவின் கிழக்கு முனையில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் வழிந்துவிடாமல் தடுத்து நின்றது கல்லணை. கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் அதே அணை. 1804ல் கேப்டன் கால்ட்வெல் என்ற அதிகாரி அதன் உயரத்தைச் சுமார் 27 அங்குலம் கூட்டினார். தண்ணீரைத் தேக்க அது உதவியது. ஆனால் அணையை உயர்த்தினால் பின்னால் மணலும் உயரும். பிரச்னை தள்ளிப்போனதே தவிர தீரவில்லை.

இவ்வளவு மண் எங்கிருந்து வருகிறது?

காட்டனின் கதைக்கு நடுவே இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்வது அவசியம். ஆறு சுமக்கும் மண்ணில் பெரும்பகுதி டெல்டாவில் உருவாவதில்லை. மேலே மலையிலும் மேட்டுநிலத்திலும் இருக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து வருகிறது. எவ்வளவு வரும் என்பதைச் சில விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன.

முதலாவது, சரிவு. செங்குத்தான மலையில் தண்ணீருக்கு வேகம் அதிகம். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை கோட்பாட்டளவில் 64 மடங்காகும். அதனால்தான் மலையடிவாரத்தில் பாறாங்கல்லைக் கொண்டுவந்து போடும் ஆறு, சமவெளியில் மணலையும் டெல்டாவில் வண்டலையும் மட்டும் கொண்டு வருகிறது.

இரண்டாவது, பாறை. தைவான் தீவு தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் பெரியது, சுமார் 36,000 சதுர கிலோமீட்டர். 1970 முதல் 1999 வரையிலான அளவீடுகளின்படி அதன் ஆறுகள் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 38 கோடி டன் மண்ணைக் கடலில் சேர்த்தன. சதுர கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 10,000 டன்னுக்கு மேல். காரணம், இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலை, நொறுங்கும் பாறை, அடிக்கடி நிலநடுக்கம், புயல் மழை. காவிரி புறப்படும் குடகும் மைசூர் மேட்டுநிலமும் இதற்கு நேர் எதிர். அங்கே இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான, கெட்டியான பாறை. அது மெதுவாகத்தான் தேயும்.

மூன்றாவது, மழையும் செடிகொடியும். மழை கூடினால் மண் அரிப்பும் கூடும் என்றுதான் தோன்றும். ஆனால் 1958ல் அமெரிக்க ஆய்வாளர்கள் லாங்பைன், ஷும் இருவரும் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. அவர்கள் பார்த்த ஆறுகளில் அதிகமாக மண் அரிக்கப்பட்டது அரைவறட்சிப் பகுதியில், ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழை கிடைக்கும் இடங்களில். அதைவிட மழை குறைந்தால் மண்ணைக் கொண்டுபோகத் தண்ணீர் இல்லை. அதைவிடக் கூடினால் புல்லும் காடும் வளர்ந்து மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. சிம்பிளா சொன்னா, மழை எவ்வளவு பெய்தது என்பதோடு எந்த நிலத்தின் மேல் பெய்தது என்பதையும் கேட்கணும். காட்டை வெட்டினால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

நான்காவது, ஒரே நாளில் நடக்கும் பேரழிவு. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பகுதியில் நடந்த நிலச்சரிவை நினைத்துப் பாருங்கள். சாலியாற்றுக்குப் போகும் ஒரு மலையோடை, பல ஆண்டுகளில் சுமக்க வேண்டியதை ஒரே இரவில் இறக்கியது. மலை ஆறுகளின் மண் சுமை தினமும் ஒரே அளவில் வருவதல்ல. சில வெள்ள நாட்களில் மொத்தமாக வரும். வருஷ சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

ஐந்தாவது, நடுவில் தங்கும் இடம். மலையில் பெயர்ந்த மண் எல்லாம் கடலுக்குப் போய்ச் சேர்வதில்லை. பள்ளத்தாக்கு, ஆற்றுப்படுகை, வெள்ளச் சமவெளி, ஏரி என்று வழியெங்கும் தங்கும். ஆறு நீளமாக நீளமாக இந்தத் தங்கல் கூடும். ஒரு பெரிய அணை கட்டினால், மணலுக்கு அதுவே கடைசி ஸ்டாப்.

இதில் எதையும் 1828ல் டன் கணக்கில் அளக்க வழியில்லை. காட்டனிடம் இருந்தது படுகை மட்டத்தை அளக்கும் கருவிகளும், பழைய அணைகளை நேரில் பார்த்த அனுபவமும்தான்.

கல்லணை கற்றுக்கொடுத்தது என்ன?

ஐரோப்பிய இன்ஜினியரிங்கில் அன்று எழுதப்படாத விதி ஒன்று இருந்தது. பெரிய கட்டுமானம் என்றால் கெட்டியான பாறைமேல் அஸ்திவாரம் போடணும். டெல்டா ஆறுகளில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான் வரும். அப்படியானால் அங்கே அணை கட்டவே முடியாதா?

கல்லணையைப் பிரித்துப் பார்த்தபோது இதற்குப் பதில் கிடைத்தது. சுமார் 329 மீட்டர் நீளமுள்ள அந்த அணையின் உள்ளே இருந்தது களிமண்ணில் பதித்த கரடுமுரடான கற்கள். மணலில் போட்ட கல் கீழே இறங்கும். அதன்மேல் இன்னொன்றைப் போட்டால் அதுவும் இறங்கும். ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். மணலோடு சண்டை போடாமல், மணலை வைத்தே அஸ்திவாரத்தை உறுதியாக்கும் நுட்பம் இது. இதைக் கல்லணை கட்டிய முன்னோரிடமிருந்துதான் கற்றதாக காட்டன் பின்னாளில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். காலனி அதிகாரிகளில் இப்படிச் சொன்னவர்கள் குறைவு.

1830 வாக்கில் அவர் செய்த முதல் வேலை சின்னது. கல்லணையில் அடிமட்டத்தில் மணல்போக்கிகளை அமைத்தார். வெள்ள நேரத்தில் இவற்றைத் திறந்தால், அணைக்குப் பின்னால் குவிந்த மணல் கொள்ளிடத்துக்குள் அடித்துச் செல்லப்படும். அணையை உயர்த்துவது கால்ட்வெல்லின் வழி என்றால், மணலுக்குப் போக வழி விடுவது காட்டனின் வழி.

தீர்வே புதிய பிரச்னையான கதை

உடல்நலம் கெட்டு இங்கிலாந்து போய்த் திரும்பிய பிறகு, 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகள் எழுந்தன. ஒன்று முக்கொம்பில் மேலணை. மற்றொன்று ஆற்றோட்டத்தில் வெகுதூரம் கீழே, அணைக்கரையில் கீழணை. மேலணையின் வேலை கொள்ளிடத் தலைப்பில் நீர்மட்டத்தை உயர்த்தி, காவிரிக்குள் அதிகத் தண்ணீரைத் தள்ளுவது. கீழணையின் வேலை, கொள்ளிடத்தில் வீணாகும் தண்ணீரைப் பிடித்து வீராணம் ஏரி உள்ளிட்ட கடைமடைப் பாசனத்துக்குத் திருப்புவது.

திட்டம் வேலை செய்தது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. சில ஆண்டுகளிலேயே நிலைமை தலைகீழானது. இப்போது காவிரிப் படுகை அரிக்கப்பட்டு ஆழமானது. கொள்ளிடத்தில் மணல் மேடு ஏறியது. 1840களில் மேலணையின் ஒரு பகுதியைத் தாழ்த்தவும், காவிரியின் தலைப்பிலும் படுகையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கட்டவும் வேண்டி வந்தது.

ஒரு டேட்டா ஜர்னலிஸ்ட்டாக எனக்கு காட்டன் கதையில் முக்கியமாகப் படும் இடம் இதுதான். ஆறு என்பது ஒரு பேலன்ஸ். வரும் தண்ணீர், வரும் மண், படுகையின் சரிவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால், மண் தானாகவே ஒரு புதிய கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்கு நாம் விரும்பியபடி இருக்கணும்னு அவசியமில்லை.

கோதாவரிக்கு ஏன் போனார்?

1832-33ல் ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களைக் கடும் பஞ்சம் தாக்கியது. 1839ல் புயல். ராஜமுந்திரி மாவட்டத்தின் மக்கள்தொகை 1821ல் சுமார் 7.4 லட்சம். இருபது ஆண்டுகளில் அது சுமார் 5.6 லட்சமாகக் குறைந்தது. செத்தவர்கள் பாதி, ஊரைவிட்டுப் போனவர்கள் பாதி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பெரிய ஆற்றின் கரையில் இது நடந்தது என்பதுதான் உறுத்தல்.

காட்டன் 1844ல் திட்டம் கொடுத்தார். 1847ல் தவளேஸ்வரத்தில் வேலை தொடங்கி 1852ல் முடிந்தது. அங்கே ஆறு தீவுகளையும் சேர்த்துப் பல கிலோமீட்டர் அகலம். நடுவில் இருந்த தீவுகளைப் பயன்படுத்தி அணையை நான்கு துண்டுகளாகப் பிரித்தார். சுவரின் மொத்த நீளம் சுமார் 3.6 கிலோமீட்டர், உயரம் 12 அடி. அடியில் பாறை கிடையாது, மணல்தான். கல்லணையின் பாடம் இங்கே அப்படியே பயன்பட்டது. மணல்போக்கிகளும் தொடக்கத்திலிருந்தே வடிவமைப்பில் இருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கல் சுமந்தார்கள். அவர்களின் பெயர்கள் எந்தச் சிலையிலும் இல்லை.

கோதாவரிக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கோபர்கைரனேயில் ட்ரான்ஸ்-ஹார்பர் ரயில் ஏறி, தாணேயில் மாறி, கசாரா தாண்டி மலையேறினால் இகத்புரி. அங்கிருந்து கோதாவரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி தொடங்கிவிடும். கோதாவரி பிறக்கும் திரியம்பகேஷ்வர் அரபிக்கடலிலிருந்து 80 கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அந்த ஆறு நமக்கு முதுகைக் காட்டிவிட்டு, 1,465 கிலோமீட்டர் கிழக்கே ஓடி வங்கக்கடலில் சேர்கிறது. வழியில் தக்காணத்தின் எரிமலைப் பாறை சிதைந்து உருவான கருப்பு மண்ணை அள்ளிக்கொள்கிறது. கெட்டியான பாறைமேல் ஓடும் காவிரியைவிட கோதாவரி பெரும் மண் சுமையோடு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தச் சுமையில் பெரும்பகுதி பருவமழை மாதங்களில்தான் நகர்கிறது.

அவர் எங்கே சறுக்கினார்?

1861ல் காட்டனுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகான வாழ்க்கையில் வெற்றி குறைவு. ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்களுக்குக் கொடுங்கள், இந்தியாவின் ஆறுகளை இணைத்துப் படகுப் போக்குவரத்து நடத்தலாம் என்று விடாமல் வாதாடினார். இன்றைய நதிநீர் இணைப்புப் பேச்சுக்கு அவரையே முன்னோடியாகச் சொல்வார்கள்.

ஆனால் டெல்டாவில் செல்லுபடியான ஃபார்முலா எல்லா நிலத்திலும் செல்லவில்லை. அவர் ஊக்கத்தில் வந்த கர்னூல்-கடப்பா கால்வாய் நஷ்டத்தில் மூழ்கி, 1882ல் அரசு அதை வாங்க வேண்டியதாயிற்று. ஒரு காரணம், அந்தப் பகுதியின் கருப்பு மண் மழை ஈரத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். பல விவசாயிகளுக்குக் கால்வாய்த் தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை. ஒடிசாவில் அவர் பரிந்துரைத்த திட்டமும் முதலீட்டாளர்களுக்கு லாபம் தரவில்லை. 1878ல், தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் உலுக்கிய பிறகு, பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் நின்று தன் கொள்கைக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

1899 ஜூலை 24 அன்று, 96 வயதில் இங்கிலாந்தில் இறந்தார். கோதாவரி மாவட்டங்களில் இன்றும் ஊர் ஊராக அவர் சிலை நிற்கிறது. 1970களில் தொடங்கி 1982ல் முடிந்த புதிய தவளேஸ்வரம் தடுப்பணைக்கும் அவர் பெயர்தான்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

காட்டன் காலத்தில் பிரச்னை, டெல்டாவில் மண் அதிகமாகக் குவிவது. இன்று பிரச்னை நேர் எதிர். மண் வருவதில்லை.

1930களில் காவிரியில் கிருஷ்ணராஜ சாகரும் மேட்டூரும் வந்தன. கோதாவரியில் 1976ல் ஜாயக்வாடி, அதற்குப் பிறகு இன்னும் பல அணைகள். கட்டப்பட்ட அணைகளின் முதல் வேலை தண்ணீரைத் தேக்குவது. ஆனால் தேங்கிய தண்ணீரில் வேகம் இல்லை என்பதால் மண்ணும் அங்கேயே படியும். 1970களில் கோதாவரி ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 15 கோடி டன் மண் கொண்டுவந்தது. 1990களில் அது 6 கோடி டன்னுக்கும் கீழே போனது. 1976க்கும் 2001க்கும் இடையே கோதாவரி டெல்டாவின் கடல்முகப்பு 1,800 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை இழந்ததாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. காகிநாடா அருகே உப்பாடா கிராமத்தில் கடல் வீடுகளைத் தின்பது இன்று வழக்கமான செய்தி.

காவிரியில் இதோடு மணல் அள்ளுவதும் சேர்ந்துகொண்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 இடிந்து விழுந்தன. ஆற்றில் அளவுக்கு மீறி மணல் எடுத்ததால் அடித்தளம் பலவீனமானதா என்ற கேள்வியை விவசாயிகள் அப்போதே எழுப்பினார்கள். 182 வருஷம் மணல்மேல் நின்ற அணை அது. அதன் வலிமையே மணல் அதன் இடத்தில் இருப்பதில்தான் இருந்தது.

அதே நேரம் மேலே மலையில் அரிப்பு நிற்கவில்லை. நீலகிரியின் செங்குத்துச் சரிவுகளில் காய்கறித் தோட்டங்களிலிருந்து கரையும் மண் குந்தா போன்ற நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. மேலே மண் அதிகம், கீழே மண் பஞ்சம், நடுவில் அணை. மலையில் விவசாயி மேல்மண்ணை இழக்கிறார். அணை கொள்ளளவை இழக்கிறது. டெல்டா கடற்கரையை இழக்கிறது. மூன்றும் ஒரே மண்ணின் கணக்கு.

அடுத்த அணைச் செய்தியில் எதைப் பார்க்கணும்?

போலவரம், மேகதாது, கோதாவரி-காவிரி இணைப்பு என்று வரும் ஒவ்வொரு செய்தியிலும் எத்தனை டிஎம்சி என்ற எண் முதலில் வரும். அதோடு இன்னும் மூன்று கேள்விகளைத் திட்ட அறிக்கையில் தேடிப் பாருங்கள்.

ஒன்று, நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மண் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அந்த எண் எந்தக் காலத்து அளவீடு? காடு குறைந்த பிறகு பழைய எண் பொருந்தாது.

இரண்டு, அணைக்குள் படியும் மண் வெளியேற வழி இருக்கிறதா? காட்டன் கல்லணையில் வைத்த மணல்போக்கியின் இன்றைய வடிவம் அது. பெரிய அணைகளில் அதை இயக்கத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டும். அந்தத் தண்ணீர் யார் பங்கிலிருந்து போகும் என்றும் கேட்கணும்.

மூன்று, கீழே இருக்கும் டெல்டாவுக்கும் கடற்கரைக்கும் மண் வரத்து எவ்வளவு குறையும், அதனால் நிலம் இழப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு?

காட்டனிடம் ஓடும் மண்ணை அளக்கும் நிலையங்கள் இல்லை. நம்மிடம் இருக்கின்றன. மத்திய நீர் ஆணையம் கோதாவரியிலும் காவிரியிலும் பல இடங்களில் வெள்ளத்தில் வரும் வண்டலை அளக்கிறது. அந்த எண்களும் நீர்வரத்து எண்களைப் போல மக்களுக்குப் பழகினால், ஒரு அணை எதைத் தருகிறது, எதை எடுக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்த்துப் பேச முடியும்.